உங்களுக்குத் தெரியுமா? பாலாறு தந்த சட்டம்

‘மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது நம் பாலாற்றங்கரை வழக்கில்தான். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர், தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஓரளவோ பாழ் என்ற கணக்குகள் அந்தத் தீர்ப்பிலேயே உள்ளன. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த அபராதம் 10,000 ரூபாய்.

ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் பிறகு குரோமியம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். அதைத் தடுக்க, தண்ணீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றும் முறையைச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

பாலாறு மறுபடியும் உச்ச நீதிமன்றப் படியேறியது. மாசால் பாதிக்கப்பட்டும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்கும்படி அரசுக்கு உத்தரவு வந்த நாள் 2025 ஜனவரி 30.