போர் நடந்தாலும் நிற்காத வைன்: லெபனானின் ஷத்தோ முசார் தாக்குப்பிடித்தது எப்படி?

லெபனான் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது போர்தான். வைன் அல்ல.

ஆனால் அங்கே ஒரு குடும்பம் 1930இலிருந்து வைன் தயாரித்து வருகிறது. 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலும் அது கடையை மூடவில்லை. ஹோஷார் குடும்பத்தின் அந்த வைன் ஆலைக்கு ஷத்தோ முசார் என்று பெயர்.

தோட்டம் ஒரு பக்கம், ஆலை இன்னொரு பக்கம்

திராட்சை விளைவது பெக்கா பள்ளத்தாக்கில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். திராட்சைக்கு அதுதான் வேண்டும். ரோமானியர்கள் வைன் தெய்வத்துக்குக் கோயில் கட்டிய பால்பெக் நகரமும் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

ஆலையோ மலைத்தொடரைத் தாண்டி, பெய்ரூட்டுக்கு வடக்கே உள்ள கஸீரில்.

ஏன் இவ்வளவு தள்ளிக் கட்டினாங்க? அப்போது லெபனான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எல்லைக் கோடு எங்கே நிற்கும், பெக்கா யாருக்குப் போகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் ஆலையைத் தொடங்கிய கஸ்தோன் ஹோஷார் கஸீரைத் தேர்ந்தெடுத்தார் என்கிறது குடும்பம். அந்த முன்னெச்சரிக்கையே பின்னாளில் பெரிய தலைவலி ஆனது.

லாரி வந்தால்தான் வைன்

போர்க்காலத்தில் தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே சண்டை முனைகள் இருந்தன. பழம் ஏற்றிய லாரிகள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, சுற்றுவழியில் வரவேண்டும்.

மற்ற சரக்கு என்றால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். திராட்சை அப்படி இல்லை. பறித்த பழம் நசுங்கினால், தோலில் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். கள்ளு மாதிரிதான், இறக்கியதும் புளிக்க ஆரம்பித்துவிடும், யாருக்காகவும் காத்திருக்காது. வெயிலில் நாள்கணக்கில் நின்றால் வினிகராகவும் மாறலாம்.

1976இல் சாலைகள் அடைபட்டன. அந்த ஆண்டு வைனே இல்லை. 1984இல் பழம் வழியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வைனும் அப்போது விற்பனைக்கு வரவில்லை. 15 ஆண்டுப் போரில் இந்த இரண்டு அறுவடைகள்தாம் கைநழுவிப் போயின. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வாங்க ஆள் வேண்டுமே?

வைன் தயாரித்தால் மட்டும் போதுமா? போருக்கு முன் பெரும்பாலும் உள்ளூரில்தான் விற்பனை. அந்தச் சந்தை படுத்துவிட்டது. கஸ்தோனின் மகன் செர்ஜ் ஹோஷார் பாட்டில்களுடன் பிரிட்டனுக்குப் போனார். 1979இல் பிரிஸ்டல் வைன் சந்தையில் பிரபல வைன் நிபுணர் மைக்கேல் பிராட்பென்ட் அதைச் சுவைத்துப் பாராட்டினார். வெளிநாட்டுக் கதவு திறந்தது.

1984இல் டிகேன்டர் சஞ்சிகை அந்த ஆண்டின் சிறந்த வைன் மனிதர் என்ற விருதைத் தொடங்கியபோது, முதலில் பெற்றவர் செர்ஜ். அறுவடை வீணாய்ப்போன அதே ஆண்டு!

எல்லாருக்கும் இந்த வைன் பிடிப்பதில்லை. லேசான புளிப்பு வாடை உண்டு, அது குறைதான் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு சுவையும் மாறும். வைன் உயிருள்ள பொருள், அதை ஒரே அச்சில் வார்க்கக்கூடாது என்பது செர்ஜின் கட்சி. வெள்ளை வைனுக்கு ஒபைதே, மெர்வா என்ற உள்ளூர்த் திராட்சைகளையே பயன்படுத்துகிறார்கள். உலகம் முழுக்க ஒரே சில ரகங்களைப் பயிரிடும் காலத்தில் இது பெரிய விஷயம்.

செர்ஜ் 2014 டிசம்பர் 31ஆம் தேதி காலமானார். இப்போது அடுத்த தலைமுறை நடத்துகிறது.

2024 செப்டம்பரில் பெக்கா பள்ளத்தாக்கில் மீண்டும் குண்டுகள் விழுந்தன. அது திராட்சை அறுவடைக் காலம். முசாரின் சிவப்பு வைன் பொதுவாக ஏழு ஆண்டு கழித்தே விற்பனைக்கு வரும். அந்தக் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டு வைனைச் சுவைக்க 2031 வரை பொறுக்கவேண்டும்.