ஏழு குன்றுகளில் மின் மிதிவண்டி

மேடு மிதிவண்டிக்குப் பகை என்பர். ஏழு குன்றுகளின் நகரெனப் பெயர்பெற்ற லிஸ்பனில், போர்த்துகல் நாட்டின் தலைநகரில், அப்பகை தீர்ந்ததை நான் கண்டேன்.

மின் மிதிவண்டி தானே ஓடுவதன்று. நாம் மிதிப்பதை ஓர் உணர்கருவி அறிந்ததும் மின்கலத்தின் ஆற்றலால் மோட்டார் சுழன்று காலுக்குத் துணைபுரியும். ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் துணை நின்றுவிடும். ஆகவே எங்கள் குழுவில் முதியோரும் இளைஞரும் வழிகாட்டியின் பின்னே ஒன்றாகவே ஏறினோம்.

ஏறியதன் பயன் யாது? பைஷா என்னும் தாழ்நிலத்தில் தெருக்கள் நேர்க்கோடாக ஓடுகின்றன. அல்ஃபாமா மேட்டிலோ சந்துகள் வளைந்து நெளிகின்றன. 1755 நவம்பர் 1 அன்று நேர்ந்த நிலநடுக்கமே இதற்குக் காரணம் என்று வழிகாட்டி விளக்கினார். வண்டல் மண்மேல் இருந்த பைஷா, நடுக்கத்தாலும் கடற்பேரலையாலும் தீயாலும் அழிந்தது. உறுதியான நிலத்தில் நின்ற அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியது. பின்னர் அமைச்சர் பொம்பால் பைஷாவைத் திட்டமிட்டுப் புதுக்கினார்; குலுக்கத்தைத் தாங்கும் மரச்சட்டக் கூடுகள் சுவர்களுக்குள் அமைக்கப்பட்டன.

நடந்தால் கால் சோரும். பேருந்து அச்சந்துகளில் நுழையாது. மிதிவண்டியிலோ இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் ஒப்பிட முடிந்தது. இறக்கத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வழுவழுப்பான கல்தளமும் டிராம் தண்டவாளமும் சக்கரத்தைச் சறுக்கச் செய்யும்.

நண்பர்களே, பழம்பெரும் நகரங்களுக்குச் செல்லும்போது மேட்டைக் கண்டு மலைக்க வேண்டா. தாழ்நிலம் இழந்ததை மேடு காத்து வைத்திருக்கலாம்.