கணனிக்கு "ஆனால்" சொல்லிக்கொடுத்த கதை



கணனி என்றதும் எம்மில் பலருக்கு முதலில் வருவது பயம். அந்தப் பயத்தில் பாதி ஆங்கிலத்தைப் பற்றியது. கினிகத்தேனையில் மாலை வேளைகளில் தோட்டத்துப் பெண்களுக்குக் கணனி சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது நன்றாகவே தெரியும். கடிதம் தட்டச்சு செய்வதைத் தமிழிலேயே செய்யலாம் என்று அறிந்து சந்தோஷப்படுகிறவர்கள், நிரல் எழுதும் பாடம் வந்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். நிரல் என்பது, கணனி என்னென்ன செய்ய வேண்டும் என்று நாம் வரிசையாக எழுதிக்கொடுக்கும் கட்டளைகள்தான். பிள்ளைகளின் பாடநூல் தமிழில் இருந்தாலும், அந்தப் பக்கத்தில் மட்டும் இஃப், தென், எல்ஸ் என்று ஆங்கிலச் சொற்களே நிற்கும்.

எனது வகுப்பில் ஓர் அம்மா இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்தவர். கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியிருந்து, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, மகளோடு தம்பியின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். "டீச்சர், இந்தப் பெட்டிக்குள்ள இங்கிலீச யாரு வச்சா? அது பொறக்கும்போதே இருந்துச்சா?" என்று ஒரு நாள் கேட்டார்.

இல்லை. கணனிக்கு உள்ளே ஓடுவது 1, 0 என்ற இரண்டு குறிகள் மட்டுமே. 1950களில் அமெரிக்காவில் கிரேஸ் ஹொப்பர் என்ற கணிதம் படித்த பெண்மணி, ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடலாம் என்றபோது, கணனிக்கு ஆங்கிலம் விளங்காது என்று சொல்லித்தான் மறுத்தார்கள். அவர் செய்து காட்டினார். அதோடு விடாமல் அதே சொற்களுக்குப் பதிலாக பிரெஞ்சு, ஜேர்மன் சொற்களைப் போட்டும் காட்டினார். அமெரிக்காவில் செய்த இயந்திரம் பிறமொழி பேசுவதா என்று மேலிடத்தார் மிரண்டுபோனார்களாம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

தமிழுக்கு அதைச் செய்தவர்களுள் ஒருவர் முத்து அண்ணாமலை. அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பொறியியலாளர். எந்தக் கம்பனியும் கேட்காமல், சொந்த ஆர்வத்தில், ஓய்வு நேரத்தில் அவர் உருவாக்கிய கணனி மொழியின் பெயர் "எழில்". 2009 ஜூலையில் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பின்னர் யாரும் இலவசமாகப் பாவிக்கவும் திருத்தவும் கூடியதாகத் திறந்துவிட்டார். எழிலைக் கட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது பைத்தன் என்ற கணனி மொழியை. அதுவும் ஓய்வு நேரப் பிள்ளைதான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம் 1989 நத்தார் விடுமுறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்தது அது.

சொற்களை மட்டும் மொழிபெயர்த்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஆங்கிலத்தில் "இஃப்" முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். தமிழில் நாம் அப்படியா பேசுகிறோம்? எழிலில் நிபந்தனை முதலில், "ஆனால்" பின்னால். எங்கள் தோட்டக் கணக்கையே எழுதிப் பார்த்தோம். முழுப் பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும்.

கொழுந்து = 17
@( கொழுந்து >= 18 ) ஆனால்
    பதிப்பி "முழுப் பேர்"
இல்லை
    பதிப்பி "அரைப் பேர்"
முடி

திரையில் "அரைப் பேர்" என்று விழுந்ததும் வகுப்பே சிரித்தது. ஒரு கிலோவுக்காக அரைப் பேர் வாங்கியவர்கள் அங்கே நிறையப் பேர். இங்கே "ஆனால்" என்பது "இருந்தாலும்" என்ற பொருளில் அல்ல, "அப்படி ஆகுமானால்" என்ற பொருளில் வருகிறது. அதை விளக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. "பதிப்பி"க்குப் பதில் "அச்சிடு" என்று வைத்திருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

தமிழ் எழுத்தும் இலேசில் இடம்கொடுப்பதில்லை. "எழில்" என்பது எமக்கு மூன்று எழுத்து. கணனிக்குள் அது எ, ழ, இகர விசிறி, ல, புள்ளி என்று ஐந்து குறியீடாக இருக்கிறது. எழுத்தை எண்ணச் சொன்னால் ஐந்து என்று சொல்லும். இந்த மாதிரிச் சிக்கல்களுக்காகவே "ஓப்பன்-தமிழ்" என்ற இன்னொரு கருவித் தொகுப்பையும் முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்தார்கள்.

எழில் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. சம்பளம் தரும் இடங்களில் பைத்தன் போன்றவற்றைத்தான் கேட்பார்கள். ஆனால் நிபந்தனை, திரும்பத் திரும்பச் செய்தல் என்ற யோசனை இரண்டிலும் ஒன்றே. அதைத் தமிழில் விளங்கிக்கொண்ட பெண் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் பின்னால் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அந்த அம்மாவின் மகள் இப்போது பைத்தனுக்குப் போய்விட்டாள்.

அம்மாவோ கடன் புத்தகத்தோடு வந்தார். 40,000 ரூபா, வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி, கிழமைக்கு 954 ரூபா, 52 கிழமை. எழிலில் "வரை" என்றொரு சொல் இருக்கிறது. மிச்சம் பூச்சியத்தை விடக் கூடுதலாக இருக்கும் வரை, மிச்சத்துக்கு மட்டும் வட்டி கூட்டி, தவணையைக் கழித்து, கிழமையை ஒன்று கூட்டு என்று ஐந்தாறு வரி எழுதினோம். 47 என்று வந்தது.

"அப்ப மீதி அஞ்சு கெழம எதுக்கு டீச்சர்?"

கட்டிக் குறைத்த பணத்துக்கும் சேர்த்து, முழு 40,000க்கும் கடைசி வரை வட்டி போட்டிருக்கிறார்கள் என்று காட்டினேன். வித்தியாசம் ஏறக்குறைய 5,000 ரூபா. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளும் பேனையும் கேட்டு, அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி எடுத்துக்கொண்டார். அவர் குழுவில் இன்னும் ஆறு பெண்கள் அதே கடனைக் கட்டுகிறார்களாம்.