75 வயதுக்கு மேல் உலகப் புகழ் பெற்ற ஓவியர்... 12 வயதில் எங்கே இருந்தார்? - 'கிராண்ட்மா மோசஸ்' கதை

'வயசெல்லாம் வெறும் நம்பர்தான்' என்று சொல்லும் மோட்டிவேஷன் வீடியோக்களில் அடிக்கடி வரும் ஒரு பெயர், அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸ். 75 வயதைத் தாண்டிய பிறகு முழுமூச்சாக வரையத் தொடங்கி, உலகப் புகழ் பெற்றவர். உண்மைதான். ஆனால், அதுவரை அவர் ஏன் வரையவில்லை என்ற கேள்வியை அந்த வீடியோக்கள் கேட்பதில்லை. பதில் அவருடைய சிறுவயதில் இருக்கிறது.

யார் இந்த மோசஸ் பாட்டி?

இயற்பெயர் அன்னா மேரி ராபர்ட்சன். 1860 செப்டம்பர் 7-ம் தேதி நியூயார்க் மாகாணத்தின் கிரீன்விச் என்ற ஊரில் பிறந்தார். நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டடங்களை நினைக்க வேண்டாம். இது அந்த நகரத்துக்கு வடக்கே வெகுதூரத்தில், வெர்மான்ட் எல்லையை ஒட்டிய விவசாயப் பகுதி. அப்பா விவசாயி, ஆளிச் செடியில் இருந்து நார் எடுக்கும் ஆலையும் நடத்தியவர். பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாவது.

பிள்ளைகள் படம் வரைவது அப்பாவுக்குப் பிடிக்கும். தாள் ஒரு சென்ட் என்று வெள்ளைக் காகிதம் வாங்கித் தருவார். சரி, கலருக்கு எங்கே போவது? எலுமிச்சைச் சாறு, திராட்சைச் சாறு, அரைத்த காவி மண், புல், மாவுப்பசை, மரத்தூள் என்று கையில் கிடைத்ததெல்லாம் வண்ணமானது. இயற்கைக் காட்சியைக் குறிக்கும் 'லேண்ட்ஸ்கேப்' அந்தச் சிறுமியின் வாயில் 'லேம்ப்ஸ்கேப்' ஆகிவிட்டது. அதாவது, ஆட்டுக்குட்டிக் காட்சி!

பள்ளிப் படிப்பு அரைகுறைதான். குளிர்காலத்தில் போட்டுக்கொள்ளப் போதுமான கம்பளி உடை இல்லாததால், பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

12 வயதில் வேலைக்கு

12 வயதில், அக்கம்பக்கத்தில் இருந்த வசதியான குடும்பம் ஒன்றில் வீட்டோடு தங்கி வேலை செய்யப் போனார். சமையல், துவைப்பது, தைப்பது, வீட்டைச் சுத்தமாக வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அன்றைய அமெரிக்க கிராமங்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறைய பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு வாய்ச் சோறு மிச்சம், பொண்ணும் குடும்ப வேலை கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான் கணக்கு.

ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. சுமார் 15 வருஷம் இப்படி அடுத்தவர் வீடுகளில் உழைத்தார். சுவரில் மாட்டியிருந்த அச்சுப் படங்களை அந்தப் பெண் நின்று பார்ப்பதைக் கவனித்த முதலாளி வீட்டார், சாக்பீஸும் மெழுகு வண்ணமும் வாங்கிக் கொடுத்தார்களாம். நல்ல மனசுதான். ஆனால், வரைய நேரம்?

27 வயதில், தன்னைப் போலவே பண்ணைக் கூலியாக இருந்த தாமஸ் மோசஸைத் திருமணம் செய்தார். இருவரும் வர்ஜீனியாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார்கள். வருமானத்துக்காக வெண்ணெய் கடைந்தும், உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டும் விற்றார். பிறந்த பத்துக் குழந்தைகளில் ஐந்து பச்சிளம் பருவத்திலேயே இறந்துபோயின.

மருந்துக்கடையில் தொங்கிய படங்கள்

1905-ல் நியூயார்க் மாகாணத்துக்கே திரும்பினார்கள். 1927-ல் கணவர் இறந்தார். வயதான காலத்தில் கம்பளி நூலில் படங்கள் தைத்துக்கொண்டிருந்தவருக்கு மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியாமல் போக, 'பெயின்ட் பண்ணேன், அது சுலபம்' என்ற யோசனையைச் சொன்னது தங்கை. 1938-ல் ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊர் மருந்துக்கடையில் விற்பனைக்கு வைத்திருந்த அந்தப் படங்களை, கலைப்பொருள் சேகரிப்பாளர் லூயிஸ் கால்டர் மொத்தமாக வாங்கினார். விலை 3 டாலர், 5 டாலர். அடுத்த ஆண்டே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவரது படங்கள் இடம்பெற்றன.

படங்களில் என்ன இருக்கிறது?

வாழ்த்து அட்டைகளில் அச்சாகி வீடு வீடாகப் போனதால், 'பனி, மலை, அழகான கிராமம்' என்றே பலரும் அவற்றைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1943-ல் வரைந்த 'சுகரிங் ஆஃப்' படத்தில் மேப்பிள் மரச் சாற்றைச் சேகரிக்கிறார்கள், கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். வேறு படங்களில் மெழுகுவத்தி வார்க்கிறார்கள், ஆப்பிள் கிண்டுகிறார்கள். எல்லாமே வேலை. அலுத்துப்போன முகம் ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம். அந்த 15 வருஷக் களைப்பை அவர் தூரிகைக்குள் விடவே இல்லை.

பெரும்பாலும் நினைவில் இருந்தே வரைந்தார். 1,500-க்கும் மேற்பட்ட படங்களைத் தீட்டி, 1961 டிசம்பர் 13-ம் தேதி 101 வயதில் இறந்தார். 'சுகரிங் ஆஃப்' 2006-ல் 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.