தளர்ச்சி தலையெழுத்தா?

"அறுபது வந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது?" நாஞ்சில் நாட்டுத் தேநீர்க் கடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தோவாளையில் வயலிலே உழைத்தவரும் சொல்கிறார், நாகர்கோவிலில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவரும் சொல்கிறார். முழங்கால் பிடித்தால் வயது. மூச்சு வாங்கினால் விதி! சாதிக்கு விதியைக் காட்டியவர்களோடு போரிட்ட நாம், வறுமைக்கு விதியைச் சொன்னவர்களை எள்ளி நகையாடிய நாம், உடல் தளர்ச்சிக்கு மட்டும் அந்த விதியின் காலில் விழலாமா?

வயது ஏறுவதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் தளர்ச்சி முழுவதும் வயதின் வேலையன்று. அசையாமல் கிடப்பதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

லண்டன் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெரமி மோரிஸ், 1953-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாளெல்லாம் அமர்ந்திருந்தார். நடத்துநர் மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி ஏறி இறங்கினார். மாரடைப்பு யாரை அதிகம் தாக்கியது? அமர்ந்திருந்தவரைத்தான்!

"காலம் கடந்துவிட்டதே" என்பார் உண்டு. பாஸ்டன் நகரில், 86 முதல் 96 வயது வரையிலான சில முதியோருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். அவர்களது கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது என்று 1990-ல் அறிவித்தார்கள். தொண்ணூறிலே தசை வளருமானால், அறுபதிலே அழுவது ஏன்?

"உழைப்பாளிக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்று கேட்கலாம். மூட்டை சுமப்பவருக்கு முதுகும் தோளும் நோகின்றன. ஆட்டோ ஓட்டுபவருக்குக் காலுக்கு வேலையே இல்லை. வேலை, கூலிக்காக உடலை வளைக்கிறது. பயிற்சி, உடலுக்காக உடலை வளர்க்கிறது.

எவ்வளவு வேண்டும்? வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம், 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதாவது, ஐந்து நாள் அரைமணி நடை. பேச முடிய வேண்டும், பாட முடியாத வேகம் வேண்டும். 65 கடந்தவர்கள், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியையும் 3 நாள் சேர்க்கவேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவதும், சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதும் காசு கேட்காத பயிற்சிகள். நெஞ்சு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

இது நமக்குப் புதியதும் அன்று. அடிமுறையும் சிலம்பமும் வளர்ந்த மண் குமரி மண். காலை அகற்றித் தாழ்ந்து நிற்பதும், கம்பு சுழற்றித் திரும்புவதும், காலுக்கு வலிமையும் உடலுக்குச் சமநிலையும் தரவல்லவை அல்லவா!

2023 நவம்பரில் கழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. மாவட்டத்துக்கு ஒன்று போதாது. ஊர்தோறும் விளக்கெரியும் பாதை வேண்டும், பெண்களும் அச்சமின்றி நடக்கும் பாதை வேண்டும். அதை உள்ளாட்சி மன்றங்களில் கேட்போம்.

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம், தோழர்களே! கிளைக்குப் பத்துப் பேர், நாளைக் காலையே நடக்கத் தொடங்குவோம். முதிய தோழர்கள் முன்னே நடக்கட்டும்!