தகப்பனுக்கும் ஒரு பங்கு உண்டு

கிளினிக் நாள். வாங்கில்களில் தாய்மார் கைக்குழந்தைகளோடு காத்திருக்கிறார்கள். வெளியே வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நாலைந்து தகப்பன்மார் நிற்கிறார்கள். பிள்ளையின் நிறை கூடியதா, அடுத்த ஊசி எப்போது என்று அவர்களிடம் எவரும் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை. ஏற்றி வந்து ஏற்றிப் போவதோடு தமது கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

இது எங்கும் காணும் காட்சிதான். ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களில் இதனால் வரும் இழப்புப் பெரிது.

காணியோடு போனது என்ன?

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் தகப்பனும் பிள்ளையும் சந்திப்பதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. விடியற்புறம் தோட்டத்துக்கு இறைக்கப் போனால் பிள்ளையும் பின்னால் போகும். பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடும். வெங்காயம் பிடுங்கும்போதும் சூடு அடிக்கும்போதும் கூடவே நிற்கும். தொழிலும் பேச்சும் கண்டிப்பும் அன்பும் அந்த வரம்பிலேயே நடந்தன.

இடப்பெயர்வு வருமானத்தை மட்டுமல்ல, இந்தச் சந்திப்பையும் பறித்தது. தாய்க்குக் கொட்டிலிலும் சமையல் இருந்தது, தண்ணீர் அள்ளுதல் இருந்தது, பிள்ளை இருந்தது. தகப்பனுக்கோ கை வெறுங்கையானது. சிலர் தூர இடங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். சிலர் நிவாரண வரிசையில் நின்று வந்து பேசாமல் இருந்தார்கள். சிலர் குடியில் விழுந்தார்கள். "உழைத்துக் கொடுக்க முடியாத நான் என்ன தகப்பன்?" என்ற கேள்வி பலரை உள்ளே அரித்தது.

ஆனால் பிள்ளை தகப்பனிடம் எதிர்பார்ப்பது உழைப்பை மட்டுமல்ல.

தகப்பன் செய்யக்கூடியவை

கருவுற்ற நாளிலிருந்து பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாள் வரை ஏறத்தாழ 1000 நாட்கள். உடலும் மூளையும் மிக வேகமாக வளரும் காலம் இது. பால் கொடுப்பது தாயால்தான் முடியும். மற்றவை அப்படியல்ல. குளிப்பாட்டலாம், ஏவறை விடச் செய்யலாம், தூங்க வைக்கலாம். நிறை குறைந்து பிறந்த பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுப்பதைத் தகப்பனும் செய்யலாம். தண்ணீர்க் குடத்தைத் தகப்பன் தூக்கினால் பிள்ளை பெற்ற தாய்க்கு ஓய்வு கிடைக்கும்.

வளர்ந்த பிள்ளைக்குப் பேச்சு வேண்டும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் பலர் முகாம்களிலேயே பிறந்து பெற்றோரானார்கள். அங்குள்ள காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. எங்கள் கிணறு எந்தப் பக்கம், எல்லையில் நின்ற மரம் எது, காலபோகத்துக்கு எந்த நெல் விதைத்தோம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது யார்? உறுதி பெட்டிக்குள் இருக்கலாம். காணியை அடையாளம் காட்டும் அறிவு தகப்பனின் வாயில்தான் இருக்கிறது.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

எமது நாட்டில் வேலை பார்க்கும் தாய்க்கு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. அரச ஊழியரான தகப்பனுக்குக் கிடைப்பது 3 நாள். 2013இல் வெளிநாட்டு வேலை தொடர்பாக ஒரு விதி வந்தது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்வதை அது தடுத்தது. 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. தகப்பன் போவதற்கு இப்படியான கேள்வி எதுவும் இருக்கவில்லை. பிள்ளையைப் பார்ப்பது தாயின் வேலை மட்டுமே என்ற எண்ணம் சட்டத்திலும் குடியிருப்பதை இது காட்டுகிறது. தாய் கடல் கடந்து உழைக்க, இங்கே சமைத்து, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பும் தகப்பன்மார் எத்தனை பேர் என்பதை எமது கிராமங்கள் அறியும்.

நோர்வே நாடு வேறு வழியில் போனது. அங்கும் முன்பு பெற்றோர் விடுமுறையைத் தகப்பன்மார் தொடவில்லை; எடுத்தவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. 1993இல் 4 வாரங்களைத் தகப்பனுக்கென்றே ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும்; தாய்க்கு மாற்ற முடியாது. சில ஆண்டுகளிலேயே 100க்கு 70க்கு மேற்பட்டோர் எடுத்தார்கள். அத்தனை தகப்பன்மாரின் மனமும் ஒரே நாளில் மாறிவிட்டதா? இல்லை. "இது உன்னுடைய பங்கு" என்று சட்டம் சொன்னது. முதலாளியும் அயலவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எமக்கு ஏற்ற வழி

கமக்காரனுக்கு விடுமுறை கொடுக்க முதலாளி இல்லை. ஆனால் பங்கு ஒதுக்கலாம். கிளினிக்கில் நிறை பார்க்கும்போது தகப்பனையும் உள்ளே அழைத்து விளக்கலாம். பெற்றோர் கூட்டத்தைக் கூலிக்குப் போனவர் திரும்பும் நேரத்தில் வைக்கலாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பசளையோடு பிள்ளையையும் பேசலாம். மீள்குடியேற்ற வேலைத்திட்டங்கள், பிள்ளை பெற்ற வீட்டின் தகப்பனுக்குச் சில வாரங்கள் ஊருக்குள்ளேயே வேலை கொடுக்கலாம். இவற்றைக் கேட்டுப் பெறுவது சங்கங்களின் பொறுப்பு.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கிளினிக் நாளில் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போங்கள். பிள்ளையைத் தராசில் வைப்பது உங்கள் கையாக இருக்கட்டும்.