உங்களுக்குத் தெரியுமா?

காது கேளாத, வாய் பேசாத ஒருவர் தன் கையால் கட்டிய குட்டி விமானம் 2014-இல் வானேறியது தென்காசிக்குப் பக்கத்தில்தான்: அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாறில்!

• கட்டியவர் தொடுபுழைக்காரர் சஜி தாமஸ். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ரப்பர் தோட்டத்தில் மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததில் பிடித்த பித்து.

• முதலில் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ஒன்று செய்து பார்த்தார். மணிமுத்தாறில் பறந்தது அதற்கடுத்தது; இருவர் உட்காரலாம். இத்தகைய லேசான குட்டி விமானத்துக்கு மைக்ரோலைட் என்று பெயர்; இந்திய விதிப்படி அதில் இரண்டுக்கு மேல் இருக்கை கிடையாது.

• பறக்கவைக்கத் துணைநின்றவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர்.

 

• சஜியின் வாழ்க்கையைத் தழுவி 2017-இல் பிருத்விராஜ் நடித்து வந்த மலையாளப் படம் ‘விமானம்’.